நோய் இல்லை, பயம் மட்டும்

என் மனைவி இன்னொரு ஆணின் நகைச்சுவைக்குச் சிரிக்கிறாள் என்பது பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில்தான் எனக்குத் தெரியவந்தது. நான் ரசத்துக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் கைப்பேசியைப் பார்த்தாள். தோள்கள் குலுங்கின. அவள் சிரித்தால் தோள்தான் முதலில் சிரிக்கும். சத்தம் பின்னால் வரும். யாரென்று கேட்டேன். பயிற்சி கொடுக்க வந்திருப்பவர் என்றாள்.

எங்கள் சொந்தத்தில் கல்யாண வீடானாலும் கருமாதி வீடானாலும் ஆட்களைச் சிரிக்க வைக்க என்னைத்தான் தேடுவார்கள். சிரிக்காத ஒரே ஆள் இவள். கல்யாணமான புதிதில் சிரித்தாள். பிறகு எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டாள் போலிருக்கிறது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. சிரிக்கத் தெரியாதவள் என்று நினைத்து மன்னித்திருந்தேன். அவளுக்குச் சிரிக்கத் தெரியும் என்றால் விஷயமே வேறு.

அவள் கிள்ளானில் ஒரு மருத்துவமனையில், அவசரப் பிரிவில் தாதி. பயங்கரவாதிகள் நோய்க்கிருமியை ஆயுதமாக்கி ஊருக்குள் பரப்பிவிட்டால் என்ன செய்வது என்று பல நாட்டு அதிகாரிகளும் மருத்துவர்களும் சேர்ந்து நடத்தும் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தினமும் வீட்டுக்கு வந்து சொல்வாள். எல்லை தாண்டக் கிருமிக்குக் கடப்பிதழ் தேவையில்லையாம். அதனால் ஒரு நாட்டில் சந்தேகம் வந்ததுமே பக்கத்து நாட்டுக்குச் சொல்லிவிட வேண்டுமாம். மாதிரியை எந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது, போலீஸ் முதலில் நுழைவதா மருத்துவர் நுழைவதா என்பதையெல்லாம் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டுமாம். எல்லாம் நல்ல விஷயம்தான். ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் "அவர் சொன்னாரு" என்றே முடிந்தது. அவர் வடக்கே ஏதோ ஒரு குளிர் நாட்டுக்காரர். நாட்டின் பெயரை அவள் பலமுறை சொன்னாள். நினைவில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று நான் முடிவு செய்திருந்தேன்.

கடைசி நாள் ஒத்திகைக்கு நோயாளிகளாக நடிக்க ஆட்கள் வேண்டும் என்றாள். நான் வருகிறேன் என்றேன். அவள், "அங்க வந்து ஜோக் அடிக்கக் கூடாது," என்றாள்.

கிளம்பும் வரைக்கும் தைரியமாகத்தான் இருந்தேன். நான் காப்புறுதி முகவர். மற்றவர்களின் பயத்தில் பிழைப்பவன். காரில் ஏறியதும் என் சொந்தப் பயம் கமிஷன் கேட்க ஆரம்பித்தது. இத்தனை நாட்டுக்காரர்கள் கூடும் இடத்துக்கு எவனாவது நிஜக் கிருமியையே கொண்டுவந்துவிட்டால்? என் பாலிசியில் பயங்கரவாதத்துக்கும் உயிரியல் ஆயுதத்துக்கும் இழப்பீடு கிடையாது. எனக்குத் தெரியாமல் இருக்குமா, நானே எனக்கு விற்ற பாலிசி. வண்டியைக் கோயில் பக்கம் திருப்பினேன். வழக்கமாக நெற்றியில் ஒரு கீற்றோடு சரி. அன்றைக்குத் திருநீற்றைக் குழைத்து கழுத்து, நெஞ்சு, இரண்டு கைகள், முதுகில் எட்டிய இடம் வரைக்கும் பூசிக்கொண்டேன்.

ஒத்திகை ஒரு பெரிய மண்டபத்தில். ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது பச்சை. நோய் இல்லை, பயம் மட்டும். விடாமல் பேசிக்கொண்டே இருப்பார் என்று அதில் எழுதியிருந்தது. யாரோ என்னைப் பற்றி விசாரித்துவிட்டு எழுதியது போலிருந்தது. பக்கத்தில் லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கும் பாய். அவருக்குச் சிவப்பு அட்டை: மயக்கம், உடலெங்கும் கொப்புளம், உயிருக்கு ஆபத்து. மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"போங்க தம்பி," என்றார் பாய். "காலைலேர்ந்து சாகறதுக்கு ரெடியாகி வந்திருக்கேன். நீங்க ஓரமா உக்காந்து பயப்படுங்க லா."

பச்சை அட்டைக்காரர்களை மண்டபத்தின் ஒரு மூலையில் போட்டிருந்த கூடாரத்தில் உட்கார வைத்து பிஸ்கட்டும் பால் சேர்க்காத தே-ஓவும் கொடுத்தார்கள். பெரிய விசிறி ஒன்று என் மேலேயே வீசிக்கொண்டிருந்தது. தூரத்தில் பாய் ஓர் அரசரைப் போல மல்லாந்து கிடந்தார். அவர் மேல் வெள்ளைப் பொடி தூவியிருந்தார்கள். ஊதா விளக்கைக் காட்டினால் மின்னும், யாரையும் ஒன்றும் செய்யாத பயிற்சிப் பொடி. தலைமுதல் கால்வரை மூடிய உடையில் இருவர் அவர்மேல் குனிந்திருந்தார்கள். ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை. முகம் தெரியவில்லை. குட்டையின் தோள்கள் குலுங்கின.

நான் கூடாரத்தை விட்டு வெளியே வந்தேன். பயந்தவன் அலைவான், என் அட்டைக்கு நான் துரோகம் செய்யவில்லை.

ஒன்றை மறந்துவிட்டேன். ஈரத்தில் திருநீறு கண்ணுக்குத் தெரியாது, காய்ந்தால்தான் வெளுக்கும். காரில் வேர்த்து மறைந்திருந்ததெல்லாம் விசிறிக் காற்றில் காய்ந்து, கழுத்திலும் கையிலும் பளிச்சென்று கிளம்பியிருந்தது. நெட்டை என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். விசில் ஊதினார்கள். நாலு பேர் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். இது கோயில் சாம்பல் என்று தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் சொன்னேன். ஓர் இளைய அதிகாரி என் அட்டையைப் படித்துவிட்டு, அங்கிள் பிரமாதமாக நடிக்கிறீர்கள் என்று மலாயில் பாராட்டினார்.

சட்டையைக் கழற்றினார்கள். ஊதா விளக்கைக் காட்டினார்கள். நான் மின்னவில்லை.

நெட்டை விளக்கைத் தட்டிப் பார்த்து மறுபடியும் காட்டினார். இருந்த பேச்செல்லாம் நின்றது. இவர்கள் கொண்டுவந்த பொடி இல்லை இது. ஒலிபெருக்கியில், இது ஒத்திகை அல்ல, இது ஒத்திகை அல்ல என்று அறிவித்தார்கள். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் இரண்டடி பின்வாங்கினார்கள். அத்தனை படித்தவர்கள் பின்வாங்குவதைப் பார்த்ததும் எனக்கே திருநீற்றின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. நானும் என்னைவிட்டு இரண்டடி தள்ளி நிற்கப் பார்த்தேன். முடியவில்லை. மூச்சு முட்டியது. கை மரத்தது. நாக்கு தடித்தது. அவர்கள் வகுப்பில் படித்த அறிகுறிகள் அனைத்தும் எனக்கு வரிசையாக வந்தன.

குட்டை மட்டும் பின்வாங்கவில்லை. நேராக நடந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்தது. முகமூடிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஏங்க, என்ன இது? எங்க போயிட்டு வந்தீங்க?"

"கோயிலுக்கு."

அவள் என் முழங்கையிலிருந்து விரலால் வழித்துத் தேய்த்துப் பார்த்தாள். திரும்பி நெட்டைக்கு ஆங்கிலத்தில் விளக்கினாள். அந்தக் குளிர் நாட்டுக்காரர் சிரித்திருக்கலாம். சிரித்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். பிறகு நடந்த கூட்டத்தில் எழுந்து நின்று எனக்கு நன்றி சொன்னார். பயந்தவன் சொல்வதையும் காதில் வாங்க வேண்டும், இந்த ஊரில் யார் எதைப் பூசிக்கொள்வார்கள் என்று முதலிலேயே கேட்க வேண்டும், இது எங்கள் தவறு என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். பாய் கொப்புளங்களோடு எழுந்து நின்று கைதட்டினார். அவருடைய சாவை யாரும் கவனிக்காமல் போன வருத்தம் முகத்தில் தெரிந்தது. என் மனைவி கைதட்டவுமில்லை, சிரிக்கவுமில்லை.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். மானத்தை வாங்கிவிட்டேன் என்று நினைத்தேன். கிள்ளான் பாலத்துக்கு முன்னால் நெரிசலில் வண்டி நின்றபோது, "கை புடிச்சப்ப எனக்கு அது திருநீறுன்னு தெரியாது," என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இந்த இடத்தில் சொல்வதற்கு என்னிடம் ஏதாவது இருக்கும் என்று தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பின்னால் வந்த லோரி ஹாரன் அடித்த பிறகுதான், முன்னால் வழி விட்டும் நான் வண்டியை நகர்த்தவேயில்லை என்பது தெரிந்தது.

பாலத்தைத் தாண்டியதும், அவரை நாளைக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னாள். பாசாரில் நல்ல நண்டாகப் பார்த்து வாங்கிவரச் சொன்னாள். சரியென்றேன்.

"அவருக்கு பிளைட் எப்ப?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் தோள்கள் குலுங்கின. பிறகு சத்தம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூச்சு வாங்கி, மறுபடியும் சிரித்தாள். வீடு வரைக்கும் சிரித்தாள். நான் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.