முனை இல்லாத நாலு

கயலைப் பிடிவாதக்காரி என்று சொன்னால் போதாது. கழுதைகூட ஒரு நேரம் இல்லாவிட்டாலும் ஒரு நேரம் இறங்கி வரும், இவள் வரமாட்டாள். எங்கள் கபடி அணியின் கேப்டன் ரத்னா நான். அவளோடு தினம் மல்லுக்கு நிற்பவள், அதனால் சொல்லலாம்.

அடையாற்றங்கரை வீட்டை அரசாங்கம் இடித்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகும், விடிந்தால் பஸ் ஏறி தி. நகருக்கு வந்துவிடுவாள். கருணாகரன் சார் கடையில் ஜெர்சிக்கு நம்பர் வெட்டி, சூடான மெஷினில் அழுத்தி ஒட்டுகிற வேலை. சாயங்காலம் நந்தனத்தில் எங்களோடு ஆட்டம்.

போன வருஷம் அரையிறுதியில் அவள் முதுகிலிருந்த நாலு பிய்ந்து விழுந்தது. நம்பர் இல்லாமல் ஆடக்கூடாது என்று நடுவர் வெளியே உட்கார வைத்துவிட்டார். தோற்றோம். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் இவள் ஆட்டத்தைப் பார்க்காமலே போனார்கள். இந்த வருஷமும் விட்டால் வயசு தாண்டிவிடும்.

அவள் அழவில்லை. விழுந்த நாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பாருக்கா, முனையிலதான் மொதல்ல கெளம்பிக்கீது. நெகம் மாட்டத் தோதா கீது."

"அப்போ எட்டு போட்டுக்கடி. அதுல முனையே இல்ல."

"நாலுதான் என் நம்பரு."

கடைக் கம்ப்யூட்டரில் புதுசாக வரைய ஆரம்பித்தாள். கோடெல்லாம் ஒரே தடிமன், நல்ல கொழுகொழுவென்று. ஓரம், மூலை எல்லாம் வளைவாக உருட்டியிருந்தாள். எங்கே தொட்டாலும் குத்தாது. கருணாகரன் சார் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னாமா இது, கொழந்த ஜட்டில போடற மாதிரி? பசங்க கத்தியாட்டம் கூரா கேக்கறானுங்க!"

அவள் காதில் வாங்கவே இல்லை. பழைய சுடிதாரில் ஒட்டி, தினம் கல்லில் அடித்துத் துவைத்தாள். எந்த இடம் கிளம்பியதோ அந்த இடத்தை இன்னும் உருட்டினாள். கடைசியில் அணி மொத்தத்துக்கும் அதே நம்பர்தான். என் முதுகில் ரெண்டு, ஊதின பலூன் போல இருந்தது. திட்டினேன். ஆனால் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்தும் பளிச்சென்று தெரிந்தது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இறுதி ஆட்டம். இரண்டு பக்கமும் சம புள்ளி. கடைசி ரெய்டு கயலுக்கு. ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது எதிரணிக்காரி பாய்ந்து முதுகைப் பற்றினாள். நாலின் மேல் அவள் நகம் வழுக்கியதைக் கண்ணால் பார்த்தேன். துணிதான் தோளில் பர்ரென்று கிழிந்தது. கயல் நடுக்கோட்டைத் தாண்டி விழுந்தாள்.

நடுவர் குனிந்து பார்த்தார். ஜெர்சி கந்தல், நாலு முழுசாக இருந்தது.

"நாலு! ஒரு பாயிண்ட்!"

ஜெயித்துவிட்டோம். நான் கத்தின கத்தில் தொண்டை கட்டிக்கொண்டது.

கயலுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அவர்கள் கொடுத்த ஜெர்சியிலும் நாலுதான், ஆனால் முனை கூரான நாலு. அன்றைக்கே கடைக்குக் கொண்டுவந்து அதை உரித்துப் போட்டு, தன்னுடையதை வைத்து மெஷினை அழுத்தினாள்.

"அடிப்பாவி, திட்டப் போறாங்கடி!"

"திட்டட்டும்க்கா. வெளிய உக்கார வெக்க முடியாதில்ல."