அவரவர் வாசலில் அவரவர் குப்பை

எங்கள் ஏரியில் குப்பை கொட்டியவர்களில் ஒருவரைக்கூட நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் சாலையில் காரில் போகும்போது கண்ணாடியை இறக்கி ஒரே ஒரு கேரி பையை வீசியவர் இதைப் படித்தால், அவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எவ்வளவு கூட்டமாக இருந்தாலும், டிக்கெட் எடுக்காமல் எவன் தூங்குவதுபோல் நடிக்கிறான் என்று படியில் நின்றபடியே சொல்லிவிடுவேன். பெருமுக்கல் பக்கத்தில் ஏரிக்குக் கீழே எனக்குக் கொஞ்சம் நிலம். மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்க வேண்டியவன். ஒரு பங்குனி மாதக் காலையில் போய்ப் பார்த்தால், ஏரிக்குத் தண்ணீர் வருகிற வாய்க்கால் முழுக்க எச்சில் இலை, பிளாஸ்டிக் கப், கோழி இறகு. பக்கத்தில் டிராக்டர் வந்துபோன சக்கரத் தடம். எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது.

ஊராட்சியில் போய்க் கத்தினேன். போர்டு வைத்தார்கள். 'இங்கு குப்பை கொட்டாதீர்' என்று பெரிய எழுத்தில். அடுத்த வாரமே அந்த போர்டின் காலடியில் ஒரு லோடு கிடந்தது. எங்கே கொட்டுவது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தவனுக்கு நாங்களே போர்டு வைத்து இடம் காட்டியிருந்தோம்.

அப்போதுதான் என் வழியை நான் கண்டுபிடித்தேன். குப்பையைக் கிளறினால் முதலாளி தானாக வெளியே வருவார். மருந்துச் சீட்டு, கூரியர் கவர், பிள்ளைகளின் நோட்டு அட்டை, ஏதாவது ஒன்றில் பேரும் தெருவும் இருக்கும். அப்படிப் பேர் கிடைத்த குப்பையை மூட்டையாகக் கட்டி, மொபெட்டில் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு திண்டிவனம் போவேன். காலிங் பெல்லை அடிப்பேன். கதவு திறந்ததும், "உங்க வூட்டுப் பொருள் வழி தவறி எங்க ஏரிக்கு வந்துடுச்சுங்க. பத்திரமா கொண்ணாந்துட்டேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, மூட்டையை அவிழ்த்து அவர்கள் வாசல் கோலத்தின் மேலேயே கொட்டுவேன். அதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? சம்பள நாளில்கூட அப்படி இருந்ததில்லை.

சிலர் அடிக்க வந்தார்கள். ஒருவர் மட்டும் நியாயம் பேசினார். "நாங்க தெருவுக்கு வர்ற வண்டியிலதாங்க போட்டோம். அது எங்க போவுதுன்னு எங்களுக்கு என்னங்க தெரியும்?"

"தெரிஞ்சிக்கணும்," என்றேன். "பொண்ணைக் கட்டிக் குடுக்கும்போது எங்க போறா, எந்த வூட்டுக்குப் போறான்னு விசாரிக்கிறீங்க இல்ல? இதையும் விசாரிங்க."

தெருவே வேடிக்கை பார்த்தது. அந்த வசனத்தை நான் ஊரில் பத்து பேரிடமாவது சொல்லிக் காட்டியிருப்பேன்.

இந்த வேலையில் எனக்குக் கூட்டாளி காலனியிலிருந்து வந்த ஓர் அம்மா. புருஷன் இல்லை. களையெடுக்கக் கூப்பிட்டால் போவார். மற்றபடி அவருடைய பிழைப்பு ஒரே ஒரு பசு. அதன் பாலை சொசைட்டிக்கு ஊற்றித்தான் அடுப்பு எரிந்தது. அப்போது அந்தப் பசு சினையாக இருந்தது. ஏரிக்குள் மேய்த்துக்கொண்டிருந்தவரை முதல் நாளே நான் அதட்டினேன்.

"ஏம்மா, மாட்டை இந்தப் பக்கம் ஓட்டாத. பிளாஸ்டிக்கைத் துன்னுட்டு சாவப்போவுது."

"வேற எங்க சார் ஓட்டறது? உங்க கழனியிலயா வுடறது?"

நான் பேர் தேடிக் குப்பையைக் கிளறப் போய்விட்டேன். அடுத்த நாளிலிருந்து அவரே ஒரு குச்சியை வைத்துக் குப்பையைக் கிளறி, எழுத்து இருக்கிற காகிதங்களைத் தனியாக எடுத்து வைத்தார். நான் வந்து படிப்பேன். பேர் இருந்தால் அந்தக் குவியலை அள்ளுவோம். பேர் இல்லாத குவியல் அங்கேயே கிடக்கும். அனாதைக் குப்பையை அள்ளிக்கொண்டு நான் யார் வாசலுக்குப் போவது? என் கோபத்துக்கு ஒரு முகவரி வேண்டியிருந்தது.

வைகாசியில் என் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு கோலியனூர் பக்கம். திண்டிவனத்தில் பெரிய மண்டபமாகப் பிடித்தேன். தாம்பூலத்துக்குத் துணிப் பை போதும் என்று என் மனைவி சொன்னாள். சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று நான்தான் ரோஸ் கலரில் பளபளவென்று பிளாஸ்டிக் பை அடிக்கச் சொன்னேன். மகள் பேரும் மாப்பிள்ளை பேரும் தங்க எழுத்தில் ஜொலித்தன. ஊரில் எல்லோரையும் அழைத்தேன். காலனிக்குப் பத்திரிகை வைக்கவில்லை. அது எங்கள் ஊரில் வழக்கமில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

கல்யாணத்தன்று உறவுக்காரர்கள் நடுவில் உட்கார்ந்து என் குப்பைப் போரைச் சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். மண்டப மேனேஜர் வந்து, "மிச்ச சோறு, இலை, பாட்டில் எல்லாம் நம்ம ஆளுங்களே எடுத்துடுவாங்க சார். நீங்க கவலைப்படாதீங்க" என்றார். "சரி, சரி, ஜல்தியா முடிங்க" என்று சொல்லிவிட்டுக் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

மறுவீடு, விருந்து என்று ஒரு வாரம் கோலியனூரில் போயிற்று. திரும்பி வந்து பார்த்தால் வாய்க்காலில் புதிதாக ஒரு லோடு. அந்த அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"பேர் ஏதாச்சும் கெடைச்சுதா?"

"ஒண்ணும் கெடைக்கல சார்," என்றார் மாட்டைப் பார்த்துக்கொண்டே.

பேர் இல்லாத லோடு என்று நானும் கிட்டப் போய்க் கிளறிப் பார்க்கவில்லை. அங்கேயே கிடந்தது. சில நாள் கழித்து அவர் தன் கூழ்த் தூக்கை எங்கள் கல்யாணப் பையில் போட்டு எடுத்து வந்தார். என் மனைவி கூப்பிட்டுக் கொடுத்திருப்பாள் என்று நினைத்து எனக்கு மனசு நிறைந்துகூடப் போயிற்று.

ஆவணியில் பசு தீனி எடுப்பதை நிறுத்தியது. இடது பக்க வயிறு உப்பிக்கொண்டே போனது. அந்த அம்மா வந்து சொன்னதும் நானே ஓடிப்போய் கால்நடை டாக்டரை அழைத்து வந்தேன். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்ததும், "பிளாஸ்டிக்தான். அறுத்து எடுக்கணும். முன்னாடியே பார்த்திருக்கணும்" என்றார். மாட்டை நிற்க வைத்தே மரத்துப்போக ஊசி போட்டு, விலாவுக்குப் பின்னால் கிழித்து, முழங்கை வரை உள்ளே விட்டு இழுத்தார். வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. சாணியும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகத் திரிந்து கயிறு கயிறாக. அந்த அம்மா பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அதன் காதில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் வழக்கம்போல் பேர் தேடினேன். எவன் என்று தெரியட்டும், இந்த முறை மூட்டையை வாசலில் கொட்ட மாட்டேன், அவன் நடு வீட்டில் கொட்டுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு குச்சியால் பிரித்தேன். ரோஸ் கலரில் ஒன்று வந்தது. வாளித் தண்ணீரை ஊற்றினேன். தங்க எழுத்து. பாதி போயிருந்தது. மீதிப் பாதி என் மகளின் பேர்.

"பேர் போட்டிருக்குதா சார்?" என்று பசுவின் கழுத்தை விடாமலே கேட்டார்.

"எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சும்மா."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு பசுவிடம் திரும்பிக்கொண்டார். முப்பது வருடம் மற்றவன் பொய்யைக் கண்டுபிடித்துப் பிழைத்தவன் நான். என் பொய் என் முகத்தில் எப்படித் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

மூன்றாம் நாள் பசு செத்தது. வயிற்றிலிருந்த கன்றும் போயிற்று. ஏரி ஓரத்திலேயே குழி வெட்டிப் புதைத்தார்கள். நான் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டுப் படுத்திருந்தேன்.

மறுநாள் காலையில் என் மனைவி வாசலில் கோலம் போட்டு முடித்திருந்தாள். நான் காபி டம்ளரோடு படியில் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா தலையில் ஒரு மூட்டையோடு தெருவில் வந்தார். எங்கள் தெருவுக்குள் அவர் அப்படி வந்து நான் பார்த்ததில்லை. மூட்டையை இறக்கினார். அவிழ்க்கவில்லை. கோலம் அழியாமல், கொஞ்சம் தள்ளி, சுவரோரமாக வைத்தார். கூழ்த் தூக்கு கொண்டுவந்த அந்த ரோஸ் பையையும் அழகாக மடித்து அதன் மேல் வைத்தார்.

"உங்க வூட்டுப் பொருள் சார். வழி தவறி ஏரிக்கு வந்துடுச்சு."

என் மனைவி கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்றுவிட்டாள்.

"நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கேன்," என்றார். "கல்யாணம் முடிஞ்சி அந்த லோடு வந்து வுழுந்த அன்னிக்கே படிச்சேன். எங்களையெல்லாம் கூப்புடலையே, இந்தப் பை எப்பிடி இங்க வந்துதுன்னு பார்த்தேன். அன்னிக்கே சொல்லியிருந்தா அந்த லோடை அள்ளியிருப்பீங்க. நீங்க எல்லார் மேலயும் வுழுந்து புடுங்கறதைப் பார்த்துக்கினு இருந்தேன் இல்ல? பயந்துக்கினு வுட்டுட்டேன். என் மாடு போச்சு."

அழவில்லை. சத்தம் போடவில்லை. சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார்.

மனைவி மூட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "அந்தப் பையை நீங்களா குடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"இல்ல," என்றேன். "நீ குடுத்தன்னு நெனச்சேன்."