இருபது காசில் திறக்கும் தாழ்ப்பாள்

எங்கள் வரிசையில் எந்த வீட்டில் விரிசல் விட்டாலும் காரணம் ஒன்றுதான்: பால்மரம். செமோர் பக்கம் ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய குடியிருப்புத் தாமான் இது. மரத்தை வெட்டினார்களே தவிர வேரைத் தோண்டவில்லை, அது மண்ணுக்குள் மக்க மக்கத் தரை இறங்குகிறது என்பது இங்கே குடியிருப்பவர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. சுவர் பிளந்தால் பால்மரம். கதவு மூடவில்லை என்றால் பால்மரம். ஒருவர் வீட்டு டிவியில் படம் தெரியாதபோதுகூட எங்கள் தாமான் வாட்ஸ்அப் குழுவில் யாரோ வேரைப் பற்றிப் பேசினார்கள். அந்தக் குழுவில் எல்லோருமே ஆலோசனை சொல்பவர்கள். கேட்டுச் செய்கிற ஆளை நான் பார்த்ததில்லை. அங்கேதான் போன வருஷம் ஒரு நாள் நான் எழுதினேன்: "பாத்ரூம் வாசல்ல இருக்கிற திட்ட உடைக்கணும். எப்படி உடைக்கிறது?"

என் கணவருக்கு அப்போதுதான் ஈப்போ ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி. முப்பது வருஷம் லோரி ஓட்டிய கால். இன்னும் பத்து நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். கட்டிலில் கிடந்தவர் என் முகத்தைப் பார்க்காமல், பக்கத்தில் நின்ற அவருடைய அக்காவிடம், "நா ஒன் வீட்டுக்கே வாரேன்க்கா" என்றார்.

என் நாத்தனார் வீடு ஹுத்தான் மெலிந்தாங்கில். அங்கே குளியலறை தரை மட்டத்தில் இருக்கிறது, தூக்கி விட வளர்ந்த மகன்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். எல்லாம் உண்மைதான். ஆனாலும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏன், நம்ம வீட்டுக்கு என்னா?" என்று கேட்டேன்.

"நம்ம வீட்டு பாத்ரூம்ல நா எப்டி ஏறி எறங்குறது? நீ தூக்குவியா? குண்டி கழுவி விடுவியா?"

"விடுவேன்."

"அதான் வேணாங்குறேன். கதவ சாத்திக்கிட்டு நானே போவணும். எனக்கு அவ்ளோதான்."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவரை எனக்குத் தெரியும். அக்கா வீட்டில் ஒரு மாசம் என்பார், அப்புறம் தீபாவளி முடியட்டும் என்பார், அதற்கப்புறம் அங்கேயே இருந்துவிடுவார். நான் சனி ஞாயிறு பஸ் ஏறிப் போய் விருந்தாளி மாதிரி அவரைப் பார்த்துவிட்டு வரவேண்டும். "பத்து நாளு குடுங்க" என்றேன். "பாத்ரூம் சரியா இல்லன்னா நானே ஒங்க துணிய மடிச்சு அண்ணி காடில வெக்கிறேன்." நாத்தனார் கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டே சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

முதலில் ஒரு கண்டிராக்டர் வந்தார். திட்டைக் காலால் தட்டினார், "சின்ன வேல லா, அடுத்த மாசம் செய்யலாம்" என்றார். அடுத்த மாசம் எனக்கு எதற்கு? மறுநாள் போன் அடித்தேன், எடுக்கவில்லை. சரி, நானே செய்வது என்று முடிவு கட்டினேன். நான் இருபது வருஷமாக டைல் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள். சூளையிலிருந்து வரும் டைலை விரலால் தட்டி, சத்தத்தை வைத்தே உள்விரிசலைக் கண்டுபிடிப்பது என் வேலை. நல்ல டைல் கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது தகரம் மாதிரி கேட்கும். லட்சக்கணக்கில் தட்டியிருப்பேன். ஆனால் ஒரு டைலைக்கூடத் தரையில் ஒட்டியதில்லை.

குழுவில் பதில்கள் கொட்டின. திட்டை உடைக்காதே, மேலே பலகை போடு என்றார் ஒருவர். திட்டை உடைத்தால் தண்ணீர் குசினிக்குள் வந்து அடுப்படியில் நிற்கும் என்றார் இன்னொருவர். ஆடி மாசத்தில் வீட்டை இடிக்கக் கூடாது, ஆவணி பிறக்கட்டும் என்று ஒருவர் மூன்று கும்பிடு போட்டு எழுதினார். "இனிப்புநீர் நல்ல நாளு பாத்தா வந்துச்சு?" என்று நான் கேட்டதும் இன்னொரு கும்பிடு போட்டார். வேரைத் தோண்டிப் பார்க்கச் சொன்னவரும் உண்டு.

குழுவில் ஒரு வார்த்தையும் எழுதாமல் நேராக வீட்டுக்கு வந்தவர் மூலை வீட்டு அக்கா ஒருவர்தான். சேர்ச்சுக்குப் போகிற வழியில், வெள்ளைச் சேலையோடு, கையில் கண்ணாடிபோல் உள்ளே தெரியும் ஒரு சுருள் பிளாஸ்டிக் டியூப்புடன் வந்தார். தன் வீட்டின் பின்பக்கக் குசினியைத் தன் கையாலேயே கட்டியவர் அவர். "கண்ணால பாத்து மட்டம் போடாத. இதுல தண்ணி ஊத்தி ரெண்டு முனையயும் புடி. ரெண்டு பக்கமும் தண்ணி ஒரே மட்டத்துல நிக்கும், அதுலேந்து அளந்துக்க" என்றார். "கதவயும் மாத்திடு. உள்ள தள்ளுற கதவா இருந்தா, அவரு விழுந்தாருன்னா அவரு ஒடம்பே கதவ அடச்சிக்கும். வெளிய இழுக்குற மாதிரி போடு." இதை நான் நினைத்தே பார்க்கவில்லை.

தொழிற்சாலையில் லீவு போட்டேன். பக்கத்து வீட்டு அண்ணன் உளி, சுத்தியல், டிரில் எல்லாம் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். ஈராண்டுக்கு முன் தன் குளியலறையை அவரே புதுப்பித்தவர் என்பதால் எங்கள் வரிசையில் அவர் சொல்வதற்கு மதிப்பு அதிகம். வேலை முடியும்வரை குளிக்க எங்க வீட்டுக்கு வா என்று அவர் மனைவியும் சொன்னார். தினமும் துண்டும் வாளியுமாகப் போய் வந்தேன். அங்கே ஒரு தொல்லை. முகத்தில் நுரையோடு கண்ணை மூடிக்கொண்டு சோப்பு வைக்க வலது பக்கம் கை நீட்டுவேன், மாடம் இருக்காது. வெறும் சுவர். அது இடது பக்கம் இருக்கும். தினமும் இப்படித்தான் நடந்தது. கைக்குத் தெரிந்தது புத்திக்கு எட்டவில்லை.

நான்கு விரல் உயரத் திட்டை உடைக்க ஒன்றரை நாள் ஆனது. வலது உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பி, உடைந்து, மறுபடி கிளம்பியது. பிறகு சிமெண்டு குழைத்துத் தரையை வாசல் பக்கம் உயர்த்தி, தண்ணீர் போகும் ஓட்டை பக்கம் சரித்தேன். காய்ந்ததும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு நின்று பார்த்தேன். அது நேராகக் குசினிக்கு வந்து ஃபிரிட்ஜுக்குக் கீழே போனது. டியூப்பை ஒழுங்காகப் பிடிக்காமல், சரியாகத்தான் இருக்கும் என்று கண்ணால் போட்ட சரிவு. எல்லாவற்றையும் கொத்தி எடுத்து மறுபடி போட்டேன். இரண்டாவது வாளி ஓட்டையை நோக்கி ஓடியபோது குசினியில் தனியாக நின்று கைதட்டினேன்.

சொரசொரப்பான டைலாகத் தேர்ந்தெடுத்து ஒட்டினேன். மறுநாள் ஒவ்வொன்றையும் விரலால் தட்டினேன். இரண்டு டைல் பொள்ளென்று ஒலித்தன, அடியில் சிமெண்டு நிரம்பவில்லை. பெயர்த்து மறுபடி ஒட்டினேன். இந்த ஒரு விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது, நானே என்னை ஏமாற்றவும் முடியாது.

மிச்சம் இருந்தது பிடித்து எழுந்திருக்கக் கைக்கம்பி. டாய்லெட் வலது சுவரை ஒட்டி இருப்பதால் கம்பியும் அங்கேதான் வரவேண்டும். சுவருக்குள் பைப்பு எங்கே போகிறது என்று பக்கத்து வீட்டு அண்ணனிடம் கேட்டேன்.

"வாசல்ல நின்னு பாத்தா எடது பக்க சொவத்துலதான் பைப்பு மேல தண்ணித் தாங்கிக்குப் போவுது. வலது பக்கம் ஒன்னும் இல்ல. தைரியமா ஓட்ட போடு லா. நம்ம வீடுங்க எல்லாம் ஒரே அச்சு."

தைரியமாகப் போட்டேன். மூன்றாவது ஓட்டையில் டிரில் ஒரு மாதிரி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. வெளியே இழுத்ததும் தண்ணீர் என் நெற்றியில் பீய்ச்சியது. கையால் பொத்தினேன், விரல் இடுக்கில் அடித்தது. டிரில்லின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வெளியே ஓடி, கேட்டோரம் மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர்த் திருகை மூடினேன். தலை முதல் கால்வரை நனைந்து அங்கேயே நின்றேன். சத்தம் கேட்டு அண்ணன் ஓடி வந்தார். என் குளியலறை வாசலில் நின்று இடது கையைத் தூக்கினார், வலது கையைத் தூக்கினார், மறுபடி இடது கையைத் தூக்கினார். அவர் முகம் செத்துவிட்டது.

எங்கள் இரண்டு வீட்டுக் குளியலறைக்கும் நடுவே ஒரே சுவர். பைப்பு எல்லாம் அந்தச் சுவரில். அவர் வாசலில் நின்று பார்த்தால் அது இடது, நான் நின்று பார்த்தால் வலது. ஒரே அச்சுதான், ஆனால் திருப்பிப் போட்டது. அவரும் நானும் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். அங்கே எல்லா வீடும் அச்சு அசல் ஒன்று. இருட்டில் யார் வீட்டுக்குள் போனாலும் அடுப்பு அதே பக்கம்தான் இருக்கும். இந்தத் தாமானுக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும் எங்கள் இருவர் தலையிலும் லயம்தான் இருந்திருக்கிறது. நாக்கு நுனிவரை வசவு வந்தது. அவர் வீட்டில் குளித்த குளியலும், காற்றில் தேடிய சோப்பு மாடமும் ஞாபகம் வர, விழுங்கிக்கொண்டேன்.

சரியாக அந்த நேரம் நாத்தனார் போன் செய்தார். "நாளக்கழிச்சு சனிக்கெழம. டிஸ்சார்ஜ் ஆனதும் என் காடியிலயே ஏத்திக்கிறேன். வழியில ஒங்க வீட்ல நிப்பாட்டுறேன், துணிய எடுத்து வையி." பாத்ரூம் முடிந்ததா என்று ஒரு கேள்விகூட இல்லை. நான் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து அழுதேன். நன்றாக, சத்தமாக அழுதேன். அண்ணன் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"நீ எழுந்திரும்மா, நா செஞ்சி குடுக்குறேன்" என்றார்.

"வேணாண்ணே. நீங்க டார்ச்ச புடிங்க. நா செய்யிறேன்."

மூன்று டைலை உடைத்தோம். ஓட்டை விழுந்த பைப்புத் துண்டை அறுத்து, புதுத் துண்டை வைத்துப் பசை போட்டு ஒட்டினேன். திருகைத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை. பைப்பு போகும் பாதையைப் பென்சிலால் சுவரில் கோடு போட்டு, படம் எடுத்து, அப்புறம்தான் மூடினேன். அந்தப் படத்தைக் குழுவில் போட்டு, ஓட்டை போடுவதற்கு முன் உங்கள் வீடு எந்தப் பக்கத்து அச்சு என்று பாருங்கள் என்று எழுதினேன். கம்பி நின்றது. என் முழு உடம்பையும் அதில் தொங்கவிட்டுப் பார்த்தேன். அசையவில்லை.

கடைசியில் கதவு. வெளியே இழுக்கிற மாதிரி புதுக் கதவு போட அண்ணன் உதவினார். ஆனால் தாழ்ப்பாள் வேண்டாம் என்று அவரும் சொன்னார், மூலை வீட்டு அக்காவும் சொன்னார், குழுவில் அத்தனை பேரும் சொன்னார்கள். பால்மரத்தைத் தவிர வேறு எதிலும் அவர்கள் அப்படி ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. "உள்ளாற விழுந்துட்டாருன்னா யாரு தொறக்குறது?" நியாயமான கேள்வி. ஆனால் அவர் கேட்டது தரையையோ கம்பியையோ அல்ல. கதவைச் சாத்திக்கொண்டு நானே போகவேண்டும், அவ்வளவுதான் என்றார். தாழ்ப்பாள் இல்லாத கதவு சாத்தின கதவா?

ஹார்ட்வேர் கடைக்குப் போய் முதலாளி சீனத் தவுக்கேயிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு உருண்டைப் பிடியை எடுத்து வைத்தார். உள்ளே அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். வெளிப்பக்கம் ஒரு சின்னப் பிளவு. கல்லாவிலிருந்து இருபது காசை எடுத்து அந்தப் பிளவில் வைத்துத் திருப்பிக் காட்டினார். கிளிக்கென்று திறந்தது. "விழுந்தா தொற. விழல, தொறக்காத" என்றார் அவருக்குத் தெரிந்த தமிழில்.

சனிக்கிழமை காலை நாத்தனார் காரை வாசலில் நிறுத்தினார். இன்ஜினை நிறுத்தவில்லை. அவர் மகன் சக்கர நாற்காலியில் வைத்து என் கணவரை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தான். அவர் என் கை முழுக்க ஒட்டியிருந்த பிளாஸ்டரைப் பார்த்தார், பிறகு குளியலறைப் பக்கம் பார்த்தார். வாக்கரைக் கேட்டார். மகன் பிடிக்கப் போனதும், "விடு" என்றார்.

வாக்கர் வாசலைத் தாண்டியது. முட்ட அங்கே எதுவும் இல்லை. கதவைச் சாத்தினார். உள்ளே பூட்டு அழுந்தும் சத்தம் கேட்டது.

நான் இருபது காசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றேன். அது வியர்வையில் நனைந்து வழுக்கியது. கம்பி ஒருமுறை முனகியது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

"தொறந்து பாரு" என்றார் நாத்தனார்.

"இருங்க அண்ணி."

"விழுந்து கெடந்தா?"

"விழுந்தா சத்தம் கேக்கும். இருங்க."

அப்புறம் தண்ணீர் ஓடியது. வாளி நிரம்பியது. கதவடியில் பார்த்துக்கொண்டே நின்றேன், ஒரு சொட்டும் குசினிக்கு வரவில்லை. கிளிக்கென்று கதவு திறந்தது. முகம் கழுவி, தலைமுடியை ஈரக்கையால் வாரிக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்தார்.

"காடிய நிப்பாட்டுக்கா" என்றார். "பசியாறிட்டுக் கெளம்பு. ஹுத்தான் மெலிந்தாங்கு தூரம்."