இடது காலை முன்னே வையுங்கள்

என்னிடம் கோல்ஃப் பழக வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு உடம்பு சொன்ன பேச்சைக் கேட்காது. வயிறு ஒரு பக்கம் போகும், மட்டை ஒரு பக்கம் போகும், பந்து மட்டும் வைத்த இடத்திலேயே இருக்கும். உடனே மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பார்த்து முடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, அதன் பிறகுதான் வாய் திறப்பேன். "இடது காலை முன்னே வையுங்கள்." என் பாடம் அதில்தான் தொடங்கும். பாதிப் பேருக்கு அதிலேயே முடிந்தும் போகும்.

இலங்கை மலையகத்தில், வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பழைய துரை பங்களாவை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். அதைச் சுற்றி ஒன்பது குழி மைதானம். நான் அங்கே பயிற்சியாளர். சட்டைப் பையின் மேல் அப்படித்தான் தைத்திருக்கிறது. அதற்கு முன் பதினொரு வருஷம் அதே மைதானத்தில் விருந்தாளிகளின் மட்டைப் பையைச் சுமந்தேன். எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. கொழும்பிலிருந்து பணக்காரர்கள் தங்கள் பயிற்சியாளரையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். பை சுமக்கிறவனுக்கும் காது உண்டு என்பது அவர்களுக்கு நினைவிருக்காது. பிடி எப்படி, தோள் எப்படித் திரும்ப வேண்டும், பாரம் எந்தக் காலில் இருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்டேன். விடிந்ததும் விருந்தாளிகள் எழும்பும் முன்னால், யாரோ கழித்துப்போட்ட ஏழாம் நம்பர் இரும்பு மட்டையால் அடித்துப் பார்த்தேன். கேட்பதும் அடிப்பதுமாகவே பதினொரு வருஷம் போனது.

அந்தப் பயிற்சியாளர்களில் ஒருவர், வயதானவர், தன் மாணவரிடம் ஒருமுறை சொன்னார்: "போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது எவனுடைய அடியையும் மாற்றாதே. பழையது போய்விடும், புதியது வந்து சேராது." அப்போது நான் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்டதில் மறக்காத வாக்கியம் அது.

இப்போது என் மனைவியின் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு மச்சான். தோட்டத்தில் கவ்வாத்துக்காரர், அதாவது வயதேறிய தேயிலைத் தூர்களைக் கத்தியால் வெட்டிக் குட்டையாக்குகிறவர். சனி ஞாயிறுகளில் எங்களோடு பை தூக்க வருவார். அவருக்கு எந்தப் பாடமும் தெரியாது. கவ்வாத்துக்காரன் முதலில் பழகுவது கத்தியை அல்ல, காலை. இடது காலைப் பின்னால் ஊன்றினால் வெட்டி முடியும்வரை அதை எடுக்கக்கூடாது. எடுத்தால் கத்தி இறங்கும் வழியில் கால் வந்து நிற்கும். மச்சான் பந்தையும் அப்படியே அடித்தார். இரண்டு காலும் நட்ட கம்பம், மணிக்கட்டை மட்டும் வெட்டி ஓர் அடி. பந்து தாழ்வாகப் போய் வலது பக்கம் கொஞ்சம் வளையும். ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே அளவுதான் வளையும். அவர் அதற்குத் தகுந்தபடி இடது பக்கமாகக் குறி வைப்பார், பந்து குழியில் நட்ட கொடியின் காலடியில் போய் விழும். எங்கள் மலைக்காற்றில் உயரப் போகிற பந்து பிழைக்காது. அவருடைய பந்து காற்றுக்குக் கீழே போனது.

எனக்கு அது பிடிக்கவில்லை. நான் பதினொரு வருஷம் காத்திருந்து, திருட்டுத்தனமாகக் கற்றுச் சேர்த்ததை, இந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை வந்து வெட்டித் தள்ளிவிட்டுப் போனார். பொறாமைதான், வேறு நல்ல பெயர் அதற்கு இல்லை.

ஒரு நாள் மேலாளர் பை தூக்குகிற எங்கள் ஆறு பேரையும் வரிசையாக நிறுத்திச் சொன்னார்: பயிற்சித் திடலுக்கு நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டும், வெளியாரைத் தேடவில்லை, உங்களுக்குள் ஒன்பது குழி ஆடுங்கள், குறைந்த அடியில் முடிக்கிறவனுக்கு வேலை. வேலையோடு பங்களாவுக்குப் பின்னால் இரண்டு அறை வீடும் உண்டு. போட்டிக்குச் சரியாகப் பத்தொன்பது நாள் இருந்தது. மற்ற நால்வரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவர்கள் பந்தைத் தேடுவதில் கெட்டிக்காரர்கள்.

அன்று சாயந்தரமே மச்சான் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு பேசினார்.

"மாப்ள, என் அடியப் பாத்துட்டு எல்லாரும் கவ்வாத்து வெட்டுறான்னு சிரிக்கிறாங்க. வேல கெடச்சா அந்தப் பெரிய மனுசங்களுக்கு இதையா சொல்லிக் குடுக்க முடியும்? நீங்க அடிக்கிற மாதிரி அழகா அடிக்கணும். சொல்லித் தாங்களேன்."

நான் பதில் சொல்லும் முன்னால் என் மனைவி முந்திக்கொண்டாள். "சொல்லித் தராம என்னண்ணே. ரெண்டு பேர்ல யாருக்குக் கெடச்சாலும் நம்ம வீட்டுக்குத்தானே."

அவளுக்கு அப்படி. எனக்கு அப்படி இல்லை. இருந்தாலும், "வாங்க மச்சான், நாளைக்கே ஆரம்பிப்போம்" என்றேன்.

நான் அவருக்குத் தப்பாக எதுவும் சொல்லித்தரவில்லை. இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சொல்வேன். மட்டையை விரல்களில் பிடிக்கச் சொன்னேன், அது சரி. மணிக்கட்டால் வெட்டாமல் தோளைத் திருப்பச் சொன்னேன், அதுவும் சரி. பாரத்தை வலது காலிலிருந்து இடது காலுக்கு மாற்றச் சொன்னேன். அதற்கென்று ஒரு பயிற்சி உண்டு: இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு மட்டையை மேலே கொண்டுபோக வேண்டும், மட்டை இறங்கத் தொடங்கும்போது இடது காலை எடுத்து ஓரடி முன்னே வைக்க வேண்டும், வைத்த பிறகு அடிக்க வேண்டும். உலகம் முழுக்க இதைத்தான் சொல்லித்தருகிறார்கள். நான் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான், அந்த மூன்று வாரக் கணக்கு.

அவர் வேலை முடிந்து வந்து, கத்தியை எங்கள் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் சாத்திவிட்டு, கையில் ஒரு தடியை எடுத்துக்கொண்டு தொடங்குவார். என் மனைவி படியில் உட்கார்ந்து எண்ணுவாள். நூறு முடிந்ததும் "இன்னும் அம்பது போடுண்ணே" என்பாள். கால் எடுத்து வை, அடி. கால் எடுத்து வை, அடி. மழை பெய்தாலும் கூரைத் தாழ்வாரத்தில் நின்று போடுவார். ஒரு வாரத்தில் அவருடைய பழைய அடி கலைந்துவிட்டது. பந்து ஒரு தடவை வலது பக்கம், ஒரு தடவை இடது பக்கம், ஒரு தடவை மண்ணுக்குள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இரக்கம் வந்ததா என்றால் வரவில்லை. மருந்து வேலை செய்கிறது என்று தோன்றியது.

"என்ன மாப்ள, முன்னைக்கு இப்ப மோசமா போகுது" என்று ஒரு நாள் கேட்டார்.

"புதுசு அப்படித்தான் மச்சான் இருக்கும். விடாமப் போடுங்க."

என் மனைவி அந்த வாரம் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். அண்ணனுக்கு நான் இவ்வளவு பாடுபடுகிறேனாம். தொடையை எனக்குத்தான் போட்டாள், நானும் சாப்பிட்டேன்.

போட்டியன்று தூறல், நல்ல காற்று. சீட்டுக் குலுக்கியதில் அவரும் நானும் ஒரே சோடி. முதல் குழியிலேயே பந்தை ஓடைக்குள் அனுப்பினார். மூன்றாவது குழி பள்ளத்தைத் தாண்டி அடிக்க வேண்டியது, முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். அன்று பந்து அழகாக உயரே எழும்பியது, காற்று அதை வாங்கிக்கொண்டுபோய்த் தேயிலைக்குள் போட்டது. அவரே வெட்டிய மலை அது. அதற்குள் இறங்கி, தன் பந்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஆறாவது குழியில் அது நடந்தது. அவருக்குக் களைத்துப்போயிருக்க வேண்டும், மறந்துபோய்ப் பழையபடி நின்று ஒரு வெட்டு வெட்டினார். பந்து தாழப் பறந்து, வலது பக்கம் வளைந்து, கொடிக்கு மூன்றடியில் நின்றது. நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். இனி இப்படியே அடித்தால் மீதிக் குழிகளில் என்னைப் பிடித்துவிடுவார்.

அவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் வெட்கம்.

"தெரியாம பழைய அடி அடிச்சிட்டேன் மாப்ள."

மன்னிப்புக் கேட்கிறார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதையே அடியுங்கள் என்று சொன்னால் போதும். "பரவால்ல மச்சான், அடுத்ததுல சரியா அடிங்க" என்றேன். அடுத்ததில் சரியாக அடித்தார், பந்து மறுபடியும் தேயிலைக்குள் போனது.

நான் நாற்பத்தொரு அடியில் முடித்தேன். அவர் ஐம்பத்தெட்டு. மேலாளர் என் கையைக் குலுக்கினார். அதற்குப் பிறகு மச்சான் வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வாத்தியார் ஜெயிக்கிறதுதானே முறை என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

அதோடு விட்டிருந்தால் அவருக்கு ஒரு வேலைதான் போயிருக்கும். அவர் விடவில்லை. நாங்கள் இரண்டு அறை வீட்டுக்குப் போன பிறகும், ஒரு நாளைக்கு இருநூறு தடவை தடியை வீசிக்கொண்டிருந்தார். புதிய அடி மெல்ல மெல்லக் கைக்கு வந்தது, காலுக்கும் வந்தது. மழை விட்டு மறுபடியும் கவ்வாத்து தொடங்கிய மூன்றாம் நாள், வழுக்கலான ஒரு சரிவில் தடித்த கிளை ஒன்றுக்குக் கத்தியை ஓங்கினார். கத்தி இறங்கும்போது இடது கால் தானாக எழும்பி ஓரடி முன்னே போய் நின்றது. கத்தி முழங்காலுக்குக் கீழே எலும்புவரை இறங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு படுத்திருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார்.

"பதினாறு வருசமா நவுராத காலு மாப்ள. நீங்க சொல்லிக் குடுத்தது அந்தளவுக்கு ஏறிப்போயிருக்கு பாருங்க."

என் மனைவி பக்கத்தில் நின்று அழுதாள். "இவரு எவ்வளவு ஒழுங்கா சொல்லிக் குடுத்தாரு. ஒன் நேரந்தாண்ணே சரியில்ல." நான் கொண்டுபோன தோடம்பழத்தை உரித்துக் கொடுத்தேன். அவரும் வாங்கிச் சாப்பிட்டார்.

நரம்பு அறுந்துவிட்டது. நடக்கலாம், மலையில் ஏற முடியாது. கவ்வாத்தும் இல்லை, பை தூக்கவும் முடியாது. நான் மேலாளரிடம் பேசி, பயிற்சித் திடலில் பந்து பொறுக்குகிற வேலையை வாங்கித் தந்தேன். மச்சானைக் கைவிடாத மாப்பிள்ளை என்று தோட்டமே என்னைப் புகழ்ந்தது. நான் மறுக்கவில்லை. அவர் கூடையை வைத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்துப் பந்து பொறுக்குவார். சிலருக்கு நான் எவ்வளவு சொன்னாலும் ஏறாதபோது, "மச்சான், கொஞ்சம் செஞ்சு காட்டுங்க" என்று அவரைக் கூப்பிடுவேன். வந்து செய்து காட்டுவார். அந்தக் காலால், அவ்வளவு சுத்தமாக. விருந்தாளிகள் கைதட்டுவார்கள்.

கொழும்பு ஆட்களோடு என் பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். மச்சானுக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த மூன்று வாரக் கணக்கை அவர் காதுபடவே எத்தனையோ பேருக்கு ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறேன். போன மாதம் வந்தவர் யாழ்ப்பாணத்து அதிகாரி, ஹட்டனுக்கு மாற்றலாகி வந்திருந்தார். இரண்டு பந்து மட்டும் அடித்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, இன்னும் ரெண்டு கிழமையில எங்கட ஆக்களுக்குள்ள ஒரு போட்டி இருக்கு. அதுக்குள்ள என்ரை இந்த அடியை மாத்தித் தருவீரோ?"

வேலை செய்கிறவனின் வாய் தானாகப் பேசிவிடும். "வேணாங்க ஐயா. போட்டிக்கு மூணு வாரத்துக்குள்ள யாரோட அடியையும் மாத்தக் கூடாது. பழையது போயிரும், புதுசு வந்து சேராது. இருக்கிறதையே அடிங்க, அதான் நல்லது."

சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தேன். நாலடி தள்ளி மச்சான் குனிந்தபடி நின்றார். கையில் ஒரு பந்து. அதைக் கூடைக்குள் போடவில்லை. பிறகு அதைக் கூடையில் போட்டுவிட்டு, அடுத்ததைப் பொறுக்கப் போனார்.

அவர் வந்து கேட்பார் என்று நினைத்தேன். பதிலும் தயாராக வைத்திருந்தேன்: அப்போது எனக்கே அது தெரியாது, பிறகுதான் படித்தேன் என்று. மத்தியானம் கூடையை என் காலடியில் கொண்டுவந்து வைத்தார்.

"பந்து எல்லாம் இருக்கு, சார்."

அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் அவருக்கு மாப்ள இல்லை. சார்.

போன ஞாயிறு என் மனைவி சோறு கொண்டுவந்தபோது அதைக் கேட்டுவிட்டாள். சிரித்தாள். "என்னண்ணே, வீட்டு மாப்பிள்ளையப் போயி சார்ங்கிற?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தங்கச்சியைப் பார்த்துச் சொன்னார்: "வேல எடத்துல அப்படித்தாம்மா கூப்புடணும்."

அவள் வாழ்க்கைக்காக வாயை மூடிக்கொண்டார் என்று எனக்குத் தெரியும். அவர் அவளிடம் சொல்லித் தொலைத்தால் தேவலை. இல்லை, மட்டையை எடுத்து என் காலில் ஒன்று போட்டாலும் தேவலை. இரண்டும் செய்யமாட்டார். நாளைக்கும் எட்டு மணிக்குக் கூடையோடு வந்துவிடுவார்.