அப்பா குறித்துவைத்த மூன்று கதவுகள்

அப்பா எங்களைவிட்டுப் போய் ஓராண்டு நிறைகிற இந்த நாளில், வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் வீட்டுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். இதை எழுத வேண்டியவன் என் தம்பி. அவனோ, "நீயே எழுதுக்கா, எனக்கு அழுகை வந்துரும்" என்று ஒதுங்கிக்கொண்டான். எனக்கு மட்டும் வராதாக்கும்!

அப்பா பிறந்தது கோவில்பட்டியில். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தவர். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே படித்து, கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியரானார். வகுப்பிலும் வீட்டிலும் குரலை உயர்த்தியதே இல்லை. இரண்டு உலகப் போர்களைப் பற்றியும் பாடம் நடத்துவார். ஆனால் போர்க்களத்தை இரண்டே நாளில் முடித்துவிட்டு, ஜெயித்த நாட்டுத் தலைவர்கள் உட்கார்ந்து சமாதானம் பேசிய கதையை மாதக்கணக்கில் சொல்வார். "சண்டைய யாரு வேணா போட்டுருவாம்மா, முடிச்சு வைக்கறதுதான் பெரும்பாடு" என்பார்.

அந்தப் பாடம் எங்கள் வீட்டுக்கே தேவைப்பட்டது. அம்மா ஊரில் காலமானபோது தம்பி இங்கே டெக்சாஸில், ரவுண்ட் ராக்கில் இருந்தான். கிரீன் கார்டு விண்ணப்பம் பாதியில் நின்றது. நாட்டைவிட்டு வெளியே போனால் எல்லாம் போய்விடும் என்று வக்கீல் சொல்ல, அவன் வரவில்லை. சித்தப்பா மகன்தான் கொள்ளி வைத்தான். காரியத்துக்குப் போயிருந்த நான் ஊரிலிருந்தே அவனுக்குப் போன் போட்டு, "அம்மாவைவிட உனக்குக் கார்டு பெருசாப் போச்சாடா?" என்று கேட்டேன். அவன் போனை வைத்துவிட்டான். அதன்பிறகு ஐந்து வருடம் பேச்சே இல்லை.

அப்பா எங்களோடு தங்க வந்ததும் முதல் வேலையாக இதைக் கையில் எடுத்தார். சனிக்கிழமை தோறும் டெக்சாஸுக்குப் போன் பேசுவார். பிறகு என்னிடம் வருவார். நான் பிடித்த பிடியில் நின்றேன். "சொந்தக்காரங்க எல்லார் முன்னாடியும் தப்பு எம்மேலதான்னு அவன் சொல்லட்டும்ப்பா."

"ஏம்மா, மொத சண்டை முடிஞ்சு பாரிஸ்ல அதத்தானே பண்ணாங்க! தோத்தவன மேசைக்கே கூப்பிடல. எல்லாத்தையும் இவங்களே எழுதி முடிச்சிட்டு, தப்பெல்லாம் ஒன்னுதுன்னு கையெழுத்து வாங்குனாங்க. இருபது வருஷம் தாங்குச்சா அது? ரெண்டாவது சண்டைக்கப்புறந்தான், தோத்தவன் வீட்லயும் அடுப்பெரியணும்னு கொஞ்சம் புத்தி வந்துச்சு."

"நான் என்ன பட்டாளமாப்பா வச்சிருக்கேன்?"

"வாய் வச்சிருக்கியே, அது போதாதா?" என்று சிரித்தார்.

மன்னிப்பு கேட்கும் பேச்சை நான் ஒருவழியாக விட்டேன். அடுத்து, யார் முதலில் இறங்கி வருவது என்ற வம்பு. இதற்கும் அப்பாவிடம் கதை இருந்தது. இரண்டாம் போர் முடிந்து ஜெர்மனியில் கூடிய மூன்று தலைவர்களும், யார் முதலில் உள்ளே போவது என்ற பேச்சே வராமல் மூன்று கதவுகள் வழியாக ஒரே நேரத்தில் நுழைந்தார்களாம். "நம்ம வீட்லயும் மூணு கதவு இருக்கில்ல?" என்று காகிதத்தில் படமே போட்டுவிட்டார். தம்பிக்கு முன்வாசல், எனக்கு கராஜ் கதவு, பின்னால் டெக் என்கிற மரத்தளத்தின் பக்கம் இருக்கும் கண்ணாடிக் கதவு அவருக்கு. போனில் தம்பிக்கும் விளக்கினார். ஜூலை நான்காம் தேதி லாங் வீக்கெண்டுக்கு வருவதாக அவனும் ஒப்புக்கொண்டான்.

நான்தான் தள்ளிப்போட்டேன். கேட்டவுடன் சரி என்றால் இறங்கிப்போன மாதிரி ஆகிவிடும் என்று, "நவம்பர்ல தேங்க்ஸ்கிவிங்குக்கு வரச் சொல்லுங்கப்பா" என்றேன். அப்பா காலண்டரில் தேதியைத் திருத்தி எழுதினார். அந்தத் தேதிக்கு மூன்று வாரம் முன்னால், காலை காபியைக் குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை. அந்த நான்கு மாதத்தை யாராவது எனக்குத் திருப்பித் தர மாட்டார்களா என்று ஏங்காத நாள் இல்லை.

தம்பி நியூவர்க் ஏர்போர்ட்டிலிருந்து நேராக, அப்பாவின் உடலை வைத்திருந்த ஃபியூனரல் ஹோமுக்கு வந்தான். காரியங்களைச் செய்தான். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் டிரைவ்வேயிலேயே நின்றுவிட்டான். "நான் ஹோட்டல்ல தங்கிக்கறேன்" என்று யாரையோ பார்த்துச் சொன்னான்.

"அப்பா போட்ட படம் ஞாபகம் இருக்காடா?" என்றேன்.

பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு, "எனக்கு முன்வாசல்" என்றான்.

என் கணவர் உள்ளே போய் முன்கதவைத் திறந்தார். நான் கராஜ் வழியாக நுழைந்தேன். நடுவீட்டில் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம். அப்போது என் எட்டு வயது மகள், யாரும் சொல்லாமலே ஓடிப்போய் டெக் கதவைத் தள்ளித் திறந்தாள். "தட்ஸ் தாத்தாஸ் டோர்" என்றாள். நாங்கள் எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அன்று தம்பியை அழைத்துவர ஏர்போர்ட்டுக்குக் கார் ஓட்டிய நண்பருக்கும், பத்து நாளும் எங்கள் அடுப்பைப் பற்றவைக்க விடாமல் சாப்பாடு கொண்டுவந்த ஆன்ட்டிமாருக்கும், மந்திரத்தின் பொருளைப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்த புரோகிதருக்கும் நாங்கள் இருவரும் கடமைப்பட்டிருக்கிறோம். ஒரே ஒரு வேண்டுகோள். டெக் கதவு இன்று திறந்திருக்கிறது. குளிர்கிறதே என்று யாரும் சாத்திவிடாதீர்கள்.