மூன்றாம் பகுதியில் மகள் இறங்கவில்லை

தோற்கும் ஆட்டத்தில் விளையாடுவது பத்து வயதுப் பிள்ளைக்கு நல்லதா, வெல்லும் ஆட்டத்தை இறங்காமல் ஓரத்து வாங்குப் பலகையில் இருந்து பார்ப்பது நல்லதா? மூன்று வாரமாக யோசிக்கிறேன். விடை தெரியவில்லை.

மகள் ஐஸ் ஹொக்கி விளையாடுகிறாள். பள்ளிக்கூடத்தோடு ஒருநாள் பனித்தளத்துக்குப் போய்வந்தவளுக்கு அது பிடித்துப்போயிற்று. கணவர் ரூ பெர்தொனே என்ற தெருவில் மீன் கடையில் வேலை செய்கிறார். கூட வேலை செய்யும் பெடியன் அவரைச் சீண்டுவானாம்: "அண்ணை, எங்கடை மீனும் நாள் முழுக்க ஐஸிலைதான் கிடக்குது. உதுக்கும் ஒரு கப் குடுப்பினமோ?" சனிக்கிழமை கடையை விட்டு அவர் வர முடியாது. அதனால் மகளோடு போவது நான்தான்.

அவளுடைய பயிற்றுநர் பிரெஞ்சுக்காரர். வென்றாலும் தோற்றாலும் எல்லாப் பிள்ளைகளும் முறைவைத்து இறங்க வேண்டும் என்பது அவருடைய விதி. இந்த வயதில் பழகுவதுதான் முக்கியம் என்பார். இரண்டு வருடம் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இந்த வருடம் வெல்லத் தொடங்கியதும் பெற்றோர் மாறிவிட்டார்கள். பனித்தளத்தைச் சுற்றியுள்ள கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, தடுமாறும் பிள்ளைகளின் சட்டை எண்களைச் சொல்லிச் சலித்துக்கொண்டார்கள். மகளின் எண்ணும் அதில் இருந்தது. கேட்காதவள் மாதிரி நின்றேன்.

கிண்ணப் போட்டியின் கடைசி ஆட்டம். வென்றால் கிண்ணம். மூன்று பகுதியில் இரண்டு முடிந்தபோது இரு அணியும் சமம். இடைவேளையில் பயிற்றுநர் என்னிடம் வந்தார்.

"கெட்டிக்காரரை மட்டும் இறக்கச் சொல்லிப் பெற்றோர் நெருக்குகிறார்கள். எனக்கு விருப்பமில்லை. உங்கள் மகள் நன்றாக முன்னேறியிருக்கிறாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

அந்தப் பெற்றோர் எனக்குப் பின்னால்தான் நின்றார்கள். "இல்லை, அவளுக்கு இன்னும் ஒன்றும் சரியாக வராது. அவளுக்காகப் பார்க்க வேண்டாம். அணி வெல்லட்டும்" என்றேன்.

நாங்கள் அப்படித்தான் வளர்ந்தோம். பிள்ளையை யாராவது புகழ்ந்தால் உடனே குறைத்துச் சொல்ல வேண்டும். நாவூறு, கண்ணேறு பட்டுவிடும் என்ற பயம் பாதி, மரியாதை பாதி. எங்கள் ஆட்கள் என்றால், "சும்மா இரும், பிள்ளை வடிவா விளையாடுறாள்" என்று மறுத்திருப்பார்கள். நானும் அந்த மறுப்புக்காகக் காத்திருந்தேன் என்று நினைக்கிறேன். அவர் தலையை ஆட்டி, "புரிகிறது மடாம், நன்றி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கூப்பிட்டிருக்கலாம்.

மூன்றாம் பகுதியில் ஆள் மாறும்போது மகள் எழுந்து பனித்தளக் கதவடிக்கு வந்தாள். பயிற்றுநர் அவள் தோளில் கை வைத்து இருத்தினார். இன்னொரு தடவையும் எழுந்தாள். அதற்குப் பிறகு எழவில்லை. ஒரு கோல் வித்தியாசத்தில் வென்றார்கள். எல்லாப் பிள்ளைகளும் கட்டிப்பிடித்துக் குதித்தபோது அவளும் போய் ஓரமாக நின்று குதித்தாள்.

கார் து நோர் நிலையத்துக்கு வரும் ரயிலில் பிரெஞ்சில் கேட்டாள்: "அம்மா, நான் என்ன பிழை விட்டேன்?"

"ஒண்டுமில்லை செல்லம். அது கோச்சின்ரை முடிவு."

யோசிக்காமல் வந்த பொய். "சரி" என்று யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கோச்சிட்டைப் போய்ச் சொல்லும், நான் மரியாதைக்குச் சொன்னனான் எண்டு. பிள்ளைக்கு ஏன் சொல்ல வேணும்? பிறகு உம்மை நம்பமாட்டாள்" என்றார்.

போன சனிக்கிழமை அதைச் சொல்லத்தான் பயிற்றுநரிடம் போனேன். அவர் முந்திக்கொண்டார். மீண்டும் எல்லோரையும் முறைவைத்து இறக்குகிறாராம். ஆனால் மகள் தன் முறை வரும்போது, "மற்றவர்களை விடுங்கள், எனக்கு இன்னும் சரியாக வராது" என்கிறாளாம். "வீட்டில் ஏதாவது சொன்னீர்களா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். அதுவும் பொய்தான்; அவருடைய முடிவு என்று அவளிடம் சொன்னது நான்தானே.

வரும் சனிக்கிழமை அவளுக்கு ஆட்டம் இருக்கிறது. வாங்கில் இருத்தச் சொன்னது நான்தான் என்று அதற்கு முன் அவளிடம் சொல்லலாமா? சொன்னால், அம்மாவே தன்னைக் கெட்டிக்காரி இல்லை என்று நினைக்கிறாள் என எடுத்துக்கொள்வாளோ என்று பயமாக இருக்கிறது. சொல்லாவிட்டால் பிழை தன்னுடையது என்றே இருந்துவிடுவாள். பிள்ளைகளை வளர்த்தவர்கள் யாராவது, எந்தச் சொற்களில் தொடங்கலாம் என்று எனக்கு எழுதுங்கள்.