அமெரிக்கா போகிற வழியில் நாற்பது பெட்டிகள்

எங்கள் தொழிற்சாலையிலிருந்து வருடத்துக்கு ஒரே ஒரு முறை ஒரு குட்டி நாட்டுக்குச் சரக்கு போகும். நாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் ஆளையே காட்டிக்கொடுத்தது போல் ஆகிவிடும், அவ்வளவு சின்ன நாடு. பசிபிக் கடலுக்கு நடுவே சில தீவுகள். அங்கே இருக்கிற மொத்த ஜனத்தையும் செண்டாயானில் புதிதாக முளைத்திருக்கும் தாமான் குடியிருப்புகளில் குடிவைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் வீட்டை வாடகைக்கு விடலாம்.

நான் சுங்கை காடுட்டில் ரப்பர் சாமான்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காருக்கு, குழாய்க்கு, தண்ணீர்த் தொட்டிக்கு என்று விதவிதமான ரப்பர் வளையங்கள். அமெரிக்காவுக்கு வாரம் தவறாமல் கண்டெய்னர் போகும். அந்தக் குட்டி நாட்டுக்கு நாற்பது பெட்டி. நாற்பதும் அட்டைப் பெட்டிகள்தான், ஒரு சின்ன லோரியின் பின்பக்கத்தில் அடங்கிவிடும். இந்த மலேசியாவில் தமிழர்கள் நாங்கள் எப்போதும் சின்னக் கூட்டம் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவள் நான். அந்தத் தீவுக்காரர்கள் கணக்கில் பார்த்தால் நாம்தான் பெரிய நாடு. பெரிய நாட்டுக்காரர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதை வேறெங்கும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை, எங்கள் அலுவலகத்துக்கு வந்தால் போதும்.

அந்தக் குட்டி நாட்டில் ஒரு கிடங்கின் பொறுப்பில் ஒரு பெண் இருந்தார். அவரோடு மின்னஞ்சலில்தான் பழக்கம். எடுத்த எடுப்பில் "சிஸ்டர்" என்று எழுதினார், நானும் அப்படியே அழைக்கத் தொடங்கினேன். அவர் சொல்லித்தான் தெரியும், அந்தத் தீவுகளில் ஆறு கிடையாது. மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துத்தான் வருடம் முழுக்கக் குடிக்க வேண்டும். தொட்டிக் குழாயின் வளையம் தேய்ந்துவிட்டால் தண்ணீர் ஒழுகிப் போய்விடும். இது நடந்ததற்கு முந்திய வருடம் எங்கள் சரக்கு மழைக்காலம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தது. தாமதித்தது நாங்கள், திட்டு வாங்கியது அவர். "இந்த முறையும் பிந்தினால் என்னை இந்த வேலையில் வைத்திருக்கமாட்டார்கள், சிஸ்டர்" என்று எழுதியிருந்தார். கப்பல் அங்கே எப்போதாவதுதான் போகும். ஒன்றை விட்டால் மழையை விட்டது போல.

ஆகஸ்டிலேயே நாற்பது பெட்டியும் தயார். கிள்ளான் துறைமுகத்துக்கு லோரி ஏற்பாடு செய்து, சுங்கத் துறைக்கு ஏற்றுமதிப் பாரத்தையும் நிரப்பிப் போட்டுவிட்டேன். மறுநாள் காலையில் மேனேஜர் அந்த லோரியைப் பிடித்து அமெரிக்கா பெட்டிகளை ஏற்றி அனுப்பிவிட்டார். அடுத்த வாரமும் இதே கூத்து. மேனேஜரிடம் போய் நின்றேன்.

"அம்மோய், நாப்பது பெட்டிக்கு ஒரு தனி லோரியா? அமெரிக்கா சரக்கு மொதல்ல போவட்டும் லா. அவங்க எங்க ஓடிடப் போறாங்க" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வெளியே வந்து, சரக்கு ஏற்றும் இடத்தில் நின்று புலம்பினேன். கேட்டுக்கொண்டிருந்தவர் எங்கள் மண்டோர். சரக்கு ஏற்றும் ஆட்களுக்குத் தலைவர் அவர். வேலைக்கடிதத்தில் சூப்பர்வைசர் என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் கோலா சாவா பக்கம் ஒரு எஸ்டேட்டில் முப்பது வருடம் செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளை மேய்த்துவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன்தான் எங்களிடம் வந்தார். வரும்போது அந்தப் பட்டத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டார். எஸ்டேட் ஆபீஸ் குமாஸ்தாவைக் கூப்பிடுவது போல என்னை அவர் கிராணியம்மா என்பார்.

"கிராணியம்மா, இதுக்குப் போயி கண் கலங்குவாங்களா? நா பாத்துக்கறேன், நீங்க போங்க."

சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்தச் சனிக்கிழமை உறவில் ஒரு நிச்சயதார்த்தம், நான் விடுப்பு. திங்கட்கிழமை வந்து பார்த்தால் நாற்பது பெட்டி இருந்த இடம் காலி. லோரி வந்து கொண்டுபோய்விட்டது என்று மனம் குளிர்ந்துபோனேன். ஒரு வார்த்தை யாரையும் கேட்கவில்லை. நேரே போய் உட்கார்ந்து, "சரக்கு கிளம்பிவிட்டது, சிஸ்டர்" என்று எழுதினேன். அவரும் தன் மேலதிகாரிகளிடம் சொல்லிவிட்டதாக எழுதினார், கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாராம்.

அக்டோபரில் அமெரிக்காவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. கண்டெய்னரைத் திறந்ததும் கதவோரத்தில், பட்டியலில் இல்லாத நாற்பது பெட்டிகள் இருந்தனவாம். படமும் அனுப்பியிருந்தார்கள். பெட்டிகளின் மேல் பட்டை மார்க்கரில், மலாயில், 'இதை முதலில் இறக்கவும்' என்று பெரிதாக எழுதியிருந்தது. கையெழுத்தைப் பார்த்ததுமே யாருடையது என்று தெரிந்துவிட்டது.

மண்டோரிடம் ஓடினேன். அவர் கொஞ்சமும் பதறவில்லை.

"ஆமா, நாந்தான் ஏத்துனேன். போன்ல மேப்பு பாத்தேன் கிராணியம்மா. அந்த ஊரு அமெரிக்கா போற வழியிலதானே கெடக்கு? கண்டேனாவுல எடமும் இருந்துச்சு. போற வழியில எறக்கிட்டுப் போவட்டும்னுதான் கதவு பக்கத்துல வச்சேன். ஏன், எறக்கலயா?"

"அண்ணே, சீல் வச்ச கண்டேனாவ நடுக்கடல்ல யாருண்ணே தொறப்பா?"

அவர் முகம் மாறியது. எஸ்டேட்டில் அதுதான் வழக்கம். பக்கத்து டவுன் ரந்தாவுக்குப் போகும் லோரியில் அரிசி மூட்டையைப் போட்டுவிட்டால், டிரைவர் நம் லயத்து வீட்டு வாசலில் நிறுத்தி இறக்கிவிட்டுப் போவார். அந்தப் பக்கம் போகிற வண்டியில் இடம் இருக்கும்போது, இன்னொருவர் சாமானை விட்டுவிட்டுப் போவதுதான் அங்கே அசிங்கம். அந்த நல்ல பழக்கத்தைப் பசிபிக் கடலுக்கும் நீட்டிவிட்டார் மனுஷன். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. காலியான இடத்தைப் பார்த்து மகிழ்ந்துபோய் உட்கார்ந்தவள் நான்தானே.

மறுநாள் கூட்டம் போட்டார்கள். மூன்று மணி நேரம். அமெரிக்கக்காரர்களுக்கு எப்படி மன்னிப்புக் கடிதம் எழுதுவது, இனிமேல் இப்படி நடக்காது என்று எப்படி நம்ப வைப்பது என்பதே பேச்சு. மண்டோருக்கு எச்சரிக்கைக் கடிதம். பயன்படாத அந்த நாற்பது பெட்டிகளை அமெரிக்கக்காரர்களே அழித்துவிடுவதாகச் சொன்னதும் எல்லாருக்கும் நிம்மதி. அந்தக் குட்டி நாட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் நானே கேட்டேன், மறுபடி நாற்பது பெட்டி செய்து அனுப்பலாமா என்று.

"அச்சு மாத்தணும், லைன நிறுத்தணும். வருஷக் கடைசி வரைக்கும் லைன் அமெரிக்காவுக்கு. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார் மேனேஜர்.

"அப்ப சுங்கத்துல போட்ட பாரத்தயாவது ரத்து பண்ணிடறேன், சார். சரக்கு போகவே இல்லயே."

"அதத் தொட்டா ஆயிரம் கேள்வி வரும். நாப்பது பெட்டி, யார் பாக்கப் போறா? விடு லா."

விட்டேன். இதை எழுதும்போதும் எனக்கு என் மேல்தான் வெறுப்பு வருகிறது. மேனேஜர் சொன்னார், விட்டேன். அதோடு நின்றேனா? அந்தப் பெண்ணுக்கு உண்மையை எழுதுவதற்குப் பதிலாக, "சிறு தாமதம், சிஸ்டர்" என்று எழுதினேன். பொய்யில் சிறு பொய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் நன்றி சொல்லிப் பதில் போட்டார். நவம்பரில் ஒரு முறை கேட்டார், டிசம்பரில் ஒரு முறை கேட்டார். இரண்டு முறையும் அதே வார்த்தையைத்தான் அனுப்பினேன்.

புது வருடம் பிறந்து சில வாரங்கள் கழித்து அவரிடமிருந்து ஒரு நீண்ட கடிதம் வந்தது. மழை வந்து போய்விட்டதாம். தொட்டிகள் ஒழுகியதை எல்லாரும் நின்று பார்த்தார்களாம். அதற்குப் பிறகு அவர்களுடைய அதிகாரி ஒருவர் இணையத்தில் நம் நாட்டின் வருடாந்தர ஏற்றுமதிப் பட்டியலை எடுத்துப் பார்த்திருக்கிறார். அந்த நாட்டுக்கு நேரே ரப்பர் சாமான் என்று ஒரு வரி இருந்தது. நான் ரத்து செய்யாமல் விட்ட பாரம்தான் அந்த வரி. வேறு யாரும் அங்கே ரப்பர் அனுப்புவதில்லை. சரக்கு போய்விட்டது என்று மலேசிய அரசாங்கமே சொல்லும்போது அது எங்கே என்று அவரைக் கேட்டிருக்கிறார்கள். கிடங்கைத் திறந்து பார்த்தார்களாம். பிறகு அவர் வீட்டையும்.

"நான் விற்றுவிட்டேன் என்று நினைக்கிறார்கள். எந்தக் கப்பலில் அனுப்பினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள், சிஸ்டர். நானே போய்க் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்திருந்தார்.

மேனேஜரிடம் கேட்கப் போகவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும். கம்பெனித் தாளில் கடிதம் அடித்து, முத்திரை குத்தி, என் பெயரையும் அடையாளக் கார்டு எண்ணையும் போட்டு, அவருக்கும் அவருடைய மேலதிகாரிகளுக்கும் ஒன்றாக அனுப்பினேன். எந்தக் கப்பலும் இல்லை. பெட்டிகள் தவறுதலாக அமெரிக்காவுக்குப் போய்விட்டன. தவறு முழுக்க எங்களுடையது. இது எனக்கு அக்டோபரிலிருந்தே தெரியும். அந்தக் கடைசி வரியை அடித்து, அழித்து, மறுபடி அடித்தேன். மேனேஜர் பிறகு கத்தினார், எனக்கும் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. அனுப்பியவர் வேறொருவர். கடிதத்தைக் கோப்பில் சேர்த்துக்கொண்டதாகவும், அந்தப் பெண் போன மாதத்தோடு அங்கே வேலையில் இல்லை என்றும் எழுதியிருந்தார். இந்த வருட ஆர்டரைத் தாமதமில்லாமல் அனுப்ப முடியுமா என்றும் கேட்டிருந்தார்.

அந்தப் பெண்ணின் சொந்த மின்னஞ்சல் முகவரி இருந்தால் தரும்படி கேட்டு எழுதினேன். அப்படித் தருவது அலுவலக முறை இல்லையாம். இத்தனை வருடமாகச் சிஸ்டர் சிஸ்டர் என்று எழுதிக்கொண்டோம். அவருக்கு என் கடிதம் போய்ச் சேர்ந்ததா, நான் பொய் சொன்னேன் என்பதாவது அவருக்குத் தெரியுமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.